சுண்டு அளவும் கிராம் அளவும்

நமது தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பில் வேலை செய்கிறார்கள். கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போன மகள் ஒருத்தி, லீவில் வந்தபோது நம்மிடம் சொல்லி அழுத சங்கதி இது.

கேக் அடிக்கச் சொல்லி ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்களாம். மா 250 கிராம், சீனி 250 கிராம், மாஜரின் 250 கிராம், முட்டை 5. அந்த வீட்டில் தராசு இல்லை. அளவுக் கோப்பை ஒன்றில் 250 என்று கோடு இருந்தது. "அந்தக் கோட்டு வரைக்கும் தாங்க ஐயா போட்டேன்" என்றாள். கேக் நடுவில் குழிந்து, எண்ணெய் கசிந்து கெட்டுப்போனது. சாமான் காசைச் சம்பளத்தில் வெட்டிவிட்டார்கள்.

பிள்ளை கவனக்குறைவாக இருக்கவில்லை. கோப்பையில் இருந்தது மில்லிலீற்றர். துண்டில் இருந்தது கிராம். முதலாவது இடத்தின் அளவு, இரண்டாவது பாரத்தின் அளவு. யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கொழுந்து எடுக்கும் நமக்கு இது புதிதல்ல. ஒரே கூடையில் லேசாகப் போட்ட கொழுந்தும், அமுக்கிப் போட்ட கொழுந்தும் மடுவத்துத் தராசில் ஒரே நிறை காட்டுமா? மழையில் நனைந்த கொழுந்து இன்னும் பாரமல்லவா? மாவும் அரிசியும் அப்படித்தான்.

250 மில்லிலீற்றர் கோப்பை ஒன்றைத் தலைதட்டி நிரப்பினால், ஏறக்குறைய:

தண்ணீர் – 250 கிராம்
அரிசி, பருப்பு, சீனி – 200 கிராம்
கோதுமை மா – 125 கிராம்

அந்த மகளின் மாஜரின் பக்கட்டில் வந்ததால் சரி. சீனி கொஞ்சம் குறைவு. மாவோ பாதிதான் விழுந்திருக்கிறது. கேக் எப்படி நிற்கும்? அவள் இரண்டு கோப்பை மா போட்டிருக்க வேண்டும்.

நம் தாத்தா காலத்தில் அரிசியைப் புசல், கொத்து, சுண்டு என்று அளந்தார்கள். 4 சுண்டு ஒரு கொத்து. 1970களில் நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. ஆனாலும் அடுப்படியில் சுண்டு இன்னும் போகவில்லை. பாணையும் இறாத்தல் என்றுதான் கேட்கிறோம். பழைய சமையல் குறிப்பில் இறாத்தல் என்றிருந்தால் 454 கிராம், அவுன்ஸ் என்றிருந்தால் 28 கிராம் என்று கொள்ளுங்கள்.

தராசு இல்லாத வீட்டில் என்ன செய்வது?

1. எப்போதும் ஒரே டின்னை அல்லது ஒரே கோப்பையை வைத்துக்கொள்ளுங்கள். பால் டின்னும் சுண்டும் ஒன்றல்ல.
2. ஒரு கிலோ மா பக்கட் வாங்கியதும், அமுக்காமல் அள்ளிப் போட்டு, கத்தி முதுகால் தலைதட்டி, எத்தனை டின் வருகிறது என்று எண்ணுங்கள்.
3. 1000ஐ அந்த எண்ணால் வகுங்கள். 8 டின் வந்தால் ஒரு டின் 125 கிராம். 5 வந்தால் 200 கிராம்.
4. அரிசிக்கும் சீனிக்கும் தனித்தனியே எண்ணி, அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள். மாவின் கணக்கு அரிசிக்குச் சரிவராது.

இந்தக் கணக்குத் தெரிந்தால், கடையில் வாங்கிய ஒரு கிலோ அரிசி வழக்கத்தைவிட ஒரு டின் குறைந்தாலும் உடனே பிடிபடும். அப்போது மறுபடி நிறுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

தாய்மார்களுக்கு ஒன்று. குழந்தையின் பால்மாவுக்கு இந்த டின் கணக்கு வேண்டாம். பேணிக்குள் இருக்கும் கரண்டியால், தலைதட்டி, பேணியில் எழுதியபடி மட்டும் கரையுங்கள். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனியையும் பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது. பக்கட்டில் சொன்ன அளவு தண்ணீரில் முழுப் பக்கட்டையும் போட வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்: உங்கள் டின்னில் ஒரு கிலோ மா 7 தடவை வந்தால், அரைக்கிலோ ரொட்டி மாவுக்கு எத்தனை டின்? மூன்றரை என்று உங்கள் பிள்ளை சொன்னால், அது கொள்ளுப்பிட்டிக்குப் போனாலும் சம்பளத்தில் வெட்டு வாங்காது.