மழையில் பைக் ஓட்டுபவர் காலுக்கு எது பொருந்தும்?

மளிகைக் கடைக்கும் பூட்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்ததும் சிலர் கேட்கக் கூடும். சம்பந்தம் உண்டு. பென்னாகரம் பக்கமோ அரூர் பக்கமோ கிராமத்துக் கடைகளைப் பாருங்கள். ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் ஹவாய் செருப்பு ஜோடிகள் கயிற்றில் தொங்கும். மழை தொடங்கிவிட்டால் ரெயின்கோட்டும் அதே கயிற்றில் ஏறிவிடும். ஊரில் தனிச் செருப்புக்கடை இல்லாத இடத்தில் மழைக் காலணியையும் நம்மிடம்தான் கேட்பார்கள்.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க மாட்டோம். கடலோரத்தை விட்டு வெகுதூரம் உள்ளே வந்த பிறகும் அது ஓயவில்லை. பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. நம் அரூரிலும் 30 செ.மீ.க்கு மேல் பதிவானது. அந்த வாரத்தில் கடைக்கு வந்தவர்களில் பலர் கேட்டது ஒன்றே: "அண்ணா, தண்ணி போகாத பூட்ஸ் இருக்கா?" இருந்த கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். இல்லாதவர் கையை விரித்தார். ஆனால், "வயலுக்கா, வண்டிக்கா?" என்று திருப்பிக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? நாமும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம்.

வயலில் நிற்பவருக்குத் தண்ணீரும் சேறும் உள்ளே போகாமல் இருந்தால் போதும். பைக் ஓட்டுபவர் காலுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. வலது கால் பிரேக் மிதிக்கிறது. இடது கால் கியர் மாற்றுகிறது. வண்டி நிற்கும்போது ஏதாவது ஒரு கால், சில சமயம் இரண்டும், தரையில் ஊன்றி முழுப் பாரத்தையும் தாங்குகிறது. விடிவதற்கு முன் தருமபுரி பூ மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டி வருகிறவரையும், பாலக்கோட்டுக்குத் தக்காளிக் கூடை ஏற்றி வருகிறவரையும், பால் கேன் தொங்கவிட்டு வருகிறவரையும் நினைத்துப் பாருங்கள். பின்பாரத்தோடு ஈரத் தரையில் ஊன்றும் கால் ஒரு சாண் வழுக்கினால் வண்டி சாய்ந்துவிடும். ஆகவே வண்டிக்காரருக்குப் பிடிமானம் முதலில், அடுத்தது பெடல் காலுக்குத் தெரிவது, அதற்கும் பிறகே தண்ணீர் போகாமை. நாமோ கடைசியில் உள்ளதை மட்டும் சொல்லி விற்று வருகிறோம்.

ஹவாய் செருப்பை எடுத்துக்கொள்வோம். விலை குறைவு, நனைந்தாலும் காய்ந்துவிடும், உண்மைதான். ஆனால் நனைந்த பாதமும் நனைந்த செருப்பும் ஒன்றோடொன்று வழுக்கும். பிரேக்கை அழுத்தும் நேரத்தில் செருப்பு நிற்க, பாதம் முன்னால் போகும். வார் அறுந்தாலோ கேட்கவே வேண்டாம். தேய்ந்த செருப்பின் அடி கண்ணாடி மாதிரி இருக்கும். காற்றடைத்தது போல் இலேசாக இருக்கும் ஈ.வி.ஏ. செருப்புகளும், ஓட்டை ஓட்டையாக வரும் கிளாக் வகையும் வீட்டைச் சுற்றி நடக்க நல்லவை. ஈரமான பெட்ரோல் பங்க் தரையில் ஊன்ற நல்லவை அல்ல. அதிலும் வெகுநாள் கழித்துப் பெய்யும் முதல் தூறல்தான் ஆபத்தானது. ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு குழைந்து வழவழப்பாகிவிடும். பெருமழை அடித்துக் கழுவிய ரோடு அதைவிடத் தேவலை.

செருப்பு போட்டு ஓட்டினால் போலீஸ் அபராதம் போடும் என்று பயமுறுத்தி ஷூ விற்பவர்களும் உண்டு. 2019-ல் புதிய அபராதத் தொகைகள் வந்தபோது அப்படி ஒரு செய்தி நாடெங்கும் பரவியது. மத்தியப் போக்குவரத்து அமைச்சர் அலுவலகமே அதை மறுத்தது. இல்லாத சட்டத்தைச் சொல்லி விற்க வேண்டியதில்லை. இருக்கிற காரணமே போதும்.

இனி கம் பூட்ஸுக்கு வருவோம். நம் கடைகளில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று ரப்பர், மற்றது பி.வி.சி. ரப்பர் கனமானது, விலையும் கூடுதல். ஆனால் ஈரத்தில் பிடிமானம் நன்றாக இருக்கும், குளிரிலும் வளைந்து கொடுக்கும். பி.வி.சி. ஒரே வார்ப்பாக வருவதால் ஒட்டு விடுவது அபூர்வம், விலை குறைவு. ஆனால் மார்கழிக் குளிரில் விறைக்கும், அடி தேய்ந்தால் வழுக்கும். சைலன்சரில் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும். கையால் மடக்கிப் பார்த்தால் வித்தியாசம் ஓரளவு தெரியும். ரப்பர் உடனே பழைய நிலைக்குத் திரும்பும், பி.வி.சி.யில் மடிப்புத் தடம் சற்று நேரம் நிற்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதனுடன் உள்ள எண்ணையும் படியுங்கள். ரப்பர் பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557, பி.வி.சி. பூட்ஸுக்கு ஐ.எஸ். 12254. முத்திரை இல்லாத சரக்கை மலிவு என்று எடுத்துவிட்டுப் பிறகு வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவது நமக்கு வேண்டாத வேலை.

வண்டிக்காரருக்கு இரண்டில் எது என்று கேட்டால், கையில் பணம் இருப்பவருக்கு ரப்பர் என்போம். பணம் இல்லாதவருக்கு ஆழமான பள்ளம் வெட்டிய அடியுள்ள பி.வி.சி. போதும். ஆனால் எந்த வகையானாலும் முழங்கால் உயரத்தில் வேண்டாம். கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் ஏறினால் போதும். அதற்கு மேல் போனால் கால் விறைப்பாகி, பிரேக் பெடலுக்குப் பாதத்தைத் திருப்புவதே சிரமமாகிவிடும்.

பொருத்திப் பார்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "மழைக்குத்தானே, ஒரு சைஸ் பெரிசா இருக்கட்டும்" என்று வாங்குவது நம் பக்கத்து வழக்கம். வயலுக்கு அது சரியாக இருக்கலாம். வண்டியில் அது வம்பு. பெரிய பூட்ஸின் முனை எங்கே முடிகிறது என்று காலுக்குத் தெரியாது. பிரேக் மேல் வைத்ததாக நினைப்போம், அது ஃபுட் ரெஸ்ட்டின் மேல் இருக்கும். வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த நம் ஆட்களுக்குப் பாதம் முன்பக்கம் அகலம். எனவே நீளத்தை மட்டும் பார்த்துப் பெரிய எண்ணுக்குப் போகாமல், அகலமான அச்சில் வரும் ஜோடியைத் தேட வேண்டும். சாக்ஸ் போட்டுத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். நடக்கும்போது குதிகால் உள்ளே கொஞ்சம் எழும்பினால் பரவாயில்லை; காலை உதறினால் பூட்ஸ் கழன்று வரக்கூடாது.

அடுத்தது கியர். முன்னும் பின்னும் மிதிக்கும் இரட்டை லீவர் உள்ள ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் தொல்லை குறைவு. முன்னால் விரலாலும் பின்னால் குதிகாலாலும் மிதித்தால் போதும், லீவருக்கு அடியில் காலை நுழைக்க வேண்டியதில்லை. ஒற்றை லீவர் வண்டியில் கால் விரலை லீவருக்கு அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டும். பூட்ஸின் மூக்குப் பகுதி தடிமனாக இருந்தால் அங்கே நுழையாது. நுழைந்தால் சிக்கிக்கொள்ளும், வண்டியை நிறுத்திக் கால் ஊன்றப் போகும் நேரத்தில்தான் சிக்கியது தெரியும். இதற்குச் சுலபமான வழி, வாடிக்கையாளரைக் கடை வாசலில் நிற்கும் அவர் வண்டியிலேயே உட்கார வைத்துவிடுவது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை நிறுத்தி, லீவருக்கு அடியில் விரல் போகிறதா, பிரேக் தெரிகிறதா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு நிமிட வேலை. கொஞ்சம்தான் இடிக்கிறது என்றால் மெக்கானிக்கிடம் சொல்லி லீவரை ஒரு பல் மேலே ஏற்றிப் பூட்டச் சொல்லலாம். ஆனால் மழை முடிந்து மறுபடி செருப்புக்கு வரும்போது அதை இறக்க மறந்துவிடக் கூடாது.

மொபெட், ஸ்கூட்டி ஓட்டுபவர்களுக்குக் கியர் கவலை இல்லை. அவர்களுக்கு அடியின் பிடிமானத்தை மட்டும் பார்த்துக் கொடுத்தால் போதும். இந்த இடத்தில் ஒரு பழங்கதை. மொபெட்டில் இரண்டு பேர் போகலாம் என்று காட்டிய டி.வி.எஸ். 50, 1980-ல் ஓசூரிலிருந்து வந்தது. அப்போது ஓசூர் நம் தருமபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி 2004-ல் பிரிந்த பிறகே அது அந்தப் பக்கம் போனது. நம் மாவட்டத்து மூட்டை வியாபாரத்தைத் தூக்கி நிறுத்திய வண்டி நம் மாவட்டத்திலேயே பிறந்தது என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

"பூட்ஸ் போட்டும் உள்ளே தண்ணி வந்துடுச்சு" என்று திருப்பிக் கொண்டு வருபவர்களில் பலருக்குப் பூட்ஸில் குற்றம் இருக்காது. மழைப் பேண்ட்டைப் பூட்ஸுக்கு உள்ளே சொருகியிருப்பார்கள். பேண்ட்டில் வழியும் தண்ணீர் நேராக உள்ளே இறங்கிவிடும். பேண்ட் வெளியே, பூட்ஸ் உள்ளே என்று விற்கும்போதே சொல்லிவிட்டால் பாதிப் புகார் குறையும். உண்மையிலேயே ஒழுகுகிறதா என்று பார்க்க, பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிப் பழைய செய்தித்தாள் மேல் கால் மணி நேரம் நிறுத்துங்கள். தாள் நனைந்தால் ஓட்டை. மொத்தச் சரக்கு வந்ததும் பெட்டிக்கு ஒரு ஜோடியை இப்படிச் சோதிப்பது நல்லது. சோதித்த ஜோடியைக் காய வைக்கும்போது வெயிலில் போட வேண்டாம். உள்ளே தாளைத் திணித்து நிழலில் வைத்தால் போதும். வாங்கிப் போகிறவருக்கும் இதையே சொல்லுங்கள். ஈர சாக்ஸோடு நாள் முழுக்க இருந்தால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். டேங்க் பையில் ஒரு ஜோடி மாற்று சாக்ஸ் வைத்துக்கொள்ளச் சொன்னால் நமக்கும் ஒரு ஜோடி வியாபாரம்.

ஷூவுக்கு மேலே மாட்டும் பிளாஸ்டிக் உறைகள் இப்போது நிறைய வருகின்றன. அடியில் ரப்பர் பள்ளம் வைத்தது என்றால் ஆபீஸ் போகிறவருக்கு நல்லது. அடி வழவழப்பாக இருந்தால் வாங்கி வைக்காதீர்கள். காலில் கேரி பேக் கட்டிக்கொண்டு ஓட்டுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2019 ஜனவரி முதல் கடையிலிருந்தே ஒழிந்த பை காலில் மட்டும் ஒழியவில்லை! அவசரத்துக்குப் பை கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஷூவுக்கு உள்ளே, சாக்ஸுக்கு மேலே கட்டச் சொல்லுங்கள். வெளியே கட்டினால் ஃபுட் ரெஸ்ட்டில் கால் நிற்காது.

கொள்முதலில் நாம் பட்ட அடி

சில ஆண்டுகளுக்கு முன் மழை சீசன் முடிவில் ஒரு மொத்த வியாபாரி பி.யூ. சோல் வைத்த ஷூக்களைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். பார்க்க அழகு, எடை குறைவு, அடியில் நல்ல பள்ளம். அடுத்த மழைக்கு விற்கலாம் என்று 2 பெட்டி எடுத்துப் பரணில் போட்டோம். அடுத்த சீசனில் பெட்டியைத் திறந்து ஒரு ஜோடியைக் கொடுத்தோம். தொப்பூர் போய்த் திரும்பிய வாடிக்கையாளர், ஒரு காலில் அடியே இல்லாமல் வந்து நின்றார். வழியில் உளுத்த மரம் போல் பொடிந்து விழுந்துவிட்டதாம். நல்லவேளை, வண்டி ஓடும்போது விழவில்லை. மற்ற ஜோடிகளை விரலால் அழுத்திப் பார்த்தால் பாதிக்கு மேல் அதே கதி. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். சரக்கைக் குப்பையில் கொட்டினோம். மொத்த வியாபாரி, "விற்ற சரக்கு திரும்பாது" என்று பில்லில் அச்சடித்ததைக் காட்டினார்.

பிறகு விசாரித்ததில் காரணம் தெரிந்தது. பாலியூரித்தேன் என்னும் இந்தப் பி.யூ., காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும் குணமுள்ளது. போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் பொடியும். சூடும் ஈரமும் சேர்ந்த பரண் அதற்கு எமன். நமக்கு வருவதற்கு முன்பே அந்தச் சரக்கு எத்தனை ஆண்டு கிடங்கில் கிடந்ததோ. ஆக, பி.யூ. சோல் சரக்கு எடுத்தால் பெட்டியில் உற்பத்தி மாதமும் ஆண்டும் பாருங்கள். தள்ளுபடிச் சரக்கு என்றால் இரண்டு முறை பாருங்கள். பருப்பு, மாவுக்குப் பழையதை முன்னால் வைத்து விற்பது போலவே இதையும் விற்க வேண்டும். ரப்பரும் பி.வி.சி.யும் இப்படிப் பொடிவதில்லை. ரப்பர் மட்டும் வெயிலில் கிடந்தால் வெடிப்பு விடும். ஆகவே அதைக் கடை வாசலில் தொங்கவிடாதீர்கள், ஒரு ஜோடி மட்டும் மாதிரிக்கு வெளியே இருக்கட்டும்.

எவ்வளவு எடுப்பது? செருப்புக்கடை போல் எல்லா எண்ணிலும் அடுக்க நமக்கு இடமும் இல்லை, முதலும் இல்லை. 7, 8, 9 ஆகிய எண்களில் ஒரே மாதிரியில் சில ஜோடிகள் போதும். மற்ற எண்ணுக்கு டவுனில் உள்ள மொத்தக் கடையில் சொல்லி வைத்து எடுத்துத் தரலாம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் மழை தருவதால், ஜூனில் எடுத்த சரக்கு டிசம்பர் வரை நகர வாய்ப்புண்டு. மார்கழி முடிந்தும் மீதம் நின்றால் அது அடுத்த ஆண்டு வரை முடங்கிய முதல்தான். வரியைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2500 ரூபாய்க்கு மேற்படாத காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். நாம் விற்கும் பூட்ஸ் அநேகமாக 5-க்குள் அடங்கிவிடும். பழைய 12 சதவீதத்தைப் போட்டு வரும் பில்லை அப்படியே வாங்கி வைக்காதீர்கள்.

கடைசியாக நம் கடைப் பையன்களைப் பற்றி. மழையில் சரக்கு போடப் போகும் தம்பி எதைப் போட்டுக்கொண்டு போகிறான் என்று ஒரு தரம் குனிந்து பாருங்கள். தேய்ந்த ஹவாய் செருப்பு, பின்னால் 25 கிலோ அரிசிச் சிப்பம், நனைந்த ரோடு. அவன் கால் அளவுக்கு ஒரு ஜோடியை எடுத்துக் கடைச் செலவில் எழுதிவிடுங்கள், சம்பளத்தில் பிடிக்காதீர்கள். அடுத்த ஆள் வந்தால் அதே பூட்ஸைக் கொடுக்கவும் முடியாது. அவன் காலுக்கு வேறு எண் பார்க்க வேண்டும்.