உணவுப்பொருள் கடையை விற்கும் முன் கவனிக்க வேண்டியவை

உளுந்து, எள், நிலக்கடலை பயிரிடும் உழவர் சிலர் விளைபொருளை அப்படியே விற்காமல், பொடியாகவும் எண்ணெயாகவும் மாற்றி, சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் சிறு கடை வைத்து விற்கின்றனர். முதுமையாலோ, பிள்ளைகள் வேறு வேலைக்குச் செல்வதாலோ ஒரு நாள் அக்கடையைக் கைமாற்ற நேரிடலாம். அவசரத்தில் விற்றால் அரவை இயந்திரத்திற்கும் அலமாரிக்கும் உரிய விலைதான் கிடைக்கும். ஓராண்டுக்கு முன்பே திட்டமிட்டால் கடையின் நற்பெயருக்கும் வாடிக்கைக்கும் சேர்த்து விலை பெறலாம்.

கணக்கு

வாங்க வருபவர் முதலில் கேட்பது கணக்கையே. மூன்று ஆண்டு வரவு செலவைத் தயாராக வைத்திருங்கள். பங்குனித் திருவிழாவிலும் தீபாவளியிலும் நடந்த விற்பனையை மட்டும் காட்டிப் பேசும் விலை நிலைக்காது. சொந்த நிலத்து உளுந்தையும் சந்தை விலைக்கே எழுதுங்கள். குடும்ப உழைப்புக்கும் கூலி போடுங்கள். எடுத்துக்காட்டாக, மாத விற்பனை ரூ.1,50,000 என்று கொள்வோம். மூலப்பொருள் ரூ.90,000, வாடகை, மின்சாரம், ஆள் கூலி ரூ.35,000 போக மீதம் ரூ.25,000. கணவன், மனைவி உழைப்புக்கு ரூ.20,000 கழித்தால் உண்மை இலாபம் ரூ.5,000 மட்டுமே. இதை அறியாமல் விலை கூறினால் பேச்சு பாதியில் முறியும்.

எதை விற்பது? எதை வைத்துக்கொள்வது?

பெங்களூரில் 1924-இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம் குடும்பத்தினர், பின்னாளில் மசாலா, உடனடி உணவுக் கலவைத் தொழிலையும் வளர்த்தனர். 2007-இல் அத்தொழிலை நார்வே நாட்டு ஓர்க்லா நிறுவனத்திற்கு விற்றனர். உணவகத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். தொழில் முழுவதையும் விற்றாக வேண்டும் என்பதில்லை என்பதே இதில் நமக்குள்ள பாடம். கடையை விற்கும் உழவர், மூலப்பொருள் வழங்கும் உரிமையை விடாமல் இருப்பது நல்லது. எந்தத் தரம், எவ்வளவு, எத்தனை ஆண்டு, எந்த விலை என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆவணங்கள்

1. வாடகைக் கடையானால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும். அவரிடமுள்ள முன்பணம் யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.

2. உணவுப் பாதுகாப்பு உரிமத்தை வாங்குபவர் தம் பெயரில் பெற வேண்டும். உங்கள் பெயரும் உரிம எண்ணும் அச்சிட்ட பழைய உறைகளை அவரிடம் விடாதீர்கள். பொருளில் குறை கண்டால் உங்களைத் தேடி வருவார்கள்.

3. பதிவு பெற்ற வணிகக்குறியை எழுத்து மூலம் மாற்றிக்கொடுங்கள். வாங்குபவர் அதைக் கிண்டியிலுள்ள வணிகக்குறிப் பதிவகத்தில் தம் பெயருக்குப் பதிந்துகொள்ள வேண்டும்.

4. வாடிக்கையாளர் அழைக்கும் தொலைபேசி எண்ணும் விலையில் அடங்குமா என்று குறிப்பிடுங்கள்.

போட்டித் தொழில் தடை

நற்பெயரை விற்றவர் குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என ஒப்புக்கொள்வதை 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. எல்லையைப் படிக்காமல் கையொப்பம் இடாதீர்கள். ‘மயிலாப்பூர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘தமிழ்நாடு’ என்றிருந்தால், சொந்த ஊரில் செக்கு ஓட்டுவதற்கும் வழக்கு வரலாம்.

செய்முறைக் குறிப்பை முன்பணம் பெற்று ஒப்பந்தம் ஆன பிறகே கொடுங்கள். வரி பற்றித் தணிக்கையாளரையும், ஒப்பந்தம் பற்றி வழக்குரைஞரையும் முன்னதாகவே கலந்துகொள்ளுங்கள். இவற்றைக் கடைப்பிடித்தால், கடை கைமாறினாலும் உங்கள் விளைச்சலுக்கு நிலையான சந்தை இருந்துகொண்டே இருக்கும்.