கசப்பு வேர்விடும் முன்னே



காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் ரயிலில் ஏறாத குடும்பம் நம்மில் இராது. ஆனால் தண்டவாளத்தைத் தினமும் நடந்தே பார்வையிடும் கீமேனைக் கவனித்தவர்கள் சிலரே. நேற்று சரியாக இருந்த பாதைதானே என்று அவர் வீட்டில் இருந்துவிட முடியாது. தண்டவாளத்தில் விழும் மயிரிழை விரிசல் வெயிலில் அடங்கிக் கிடக்கும். குளிரில் இரும்பு சுருங்கும்போதுதான் வாய் திறக்கும்.

மனக்கசப்பும் இப்படித்தான். எபிரெயர் நிருபம் 12:15 அதை வேருக்கு ஒப்பிடுகிறது. பாகப்பிரிவினையில் அண்ணன் செய்தது, பிழைக்க வந்த ஊரில் யாரோ சொன்ன ஒரு சொல், எல்லாம் வருடக்கணக்கில் உள்ளே கிடந்து ஒரு கல்யாண வீட்டில் வெடிக்கும். (கல்யாண வீட்டில்தான் வெடிக்கும், ஏனோ!)

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். அவர் கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, ஒடிசாவின் பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்தவர். 1999 ஜனவரி 22-ஆம் தேதி இரவு, மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவரையும், பிலிப் (10), திமோத்தி (6) என்ற இரு மகன்களையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. சில நாட்களிலேயே, கொன்றவர்களை மன்னிப்பதாக அம்மையார் அறிவித்தார்.

அறிவித்ததைவிடப் பெரிது, அதன்பின் அவர் செய்தது. மகள் எஸ்தரோடு அதே பாரிபடாவில் தங்கி, 2004 வரை அந்தத் தொழுநோய் இல்லத்தை நடத்தினார். 2005-இல் அரசு பத்மஸ்ரீ அளித்தது. "அவர் மகாத்மா, நம்மால் ஆகுமா?" என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மன்னிப்பு ஒரே நாளில் முடிந்த காரியமானால், மறுநாள் காலை அந்த நோயாளிகளின் புண்ணைக் கவனிக்க மனம் எங்கிருந்து வரும்? அது கீமேனின் நடை போல, தினமும் செய்யவேண்டியது.

மன்னிப்பு என்பது குற்றத்தை மூடி மறைப்பதும் அல்ல. சட்டம் தன் வேலையைச் செய்வது வேறு, தாம் மன்னிப்பது வேறு என்பதே அம்மையாரின் நிலை. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் மாற்கு 14:32-42 வாசியுங்கள். விழித்திருக்கச் சொன்ன இயேசு மூன்று முறை வந்து பார்க்கிறார். மூன்று முறையும் சீஷர்கள் தூங்குகிறார்கள். அந்த இடத்தில் நாமாக இருந்தால் பேதுருவிடம் என்ன சொல்லியிருப்போம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடித்தபின் நீங்களும் சொல்லுங்கள்.