எண்ணூர் எண்ணெயைக் குட்டிச் செயற்கைக்கோள் காணுமா?

கேள்வி: முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தால் சின்னச் செயற்கைக்கோள்களால் கண்டுபிடிக்க முடியுமா? செவ்வாய்க்கும் அவை போகுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முடியும். ஆனால் அவற்றில் என்ன கருவி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சென்னை சத்யபாமா பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய, சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள சத்யபாமாசாட் 2016 ஜூன் 22 அன்று பி.எஸ்.எல்.வி. சி-34இல் பறந்தது. பசுமைக்குடில் வாயுக்களை அளக்க அகச்சிவப்பு நிறமாலைமானி ஒன்றைச் சுமந்தது. எண்ணெயைத் தேட அது உதவாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, எண்ணூர் மீனவர்களின் வலையையும் படகையும் பாழாக்கியதே, அப்படிப்பட்ட மழை நாட்களில் சாதாரண கேமராவுக்கு மேகம்தான் தெரியும். ரேடார் வேண்டும். அது தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்யும். மேகமும் இரவும் தடையில்லை. எண்ணெய்ப்படலம் சிற்றலைகளை அடக்கிவிடுவதால் அந்த இடம் கருப்பாக விழும். காற்றில்லாத நீரும் அப்படித்தான் விழும் என்பதால், படகில் போய்ப் பார்த்தவர் சொல்லே கடைசிச் சான்று. மீனவர்களிடம் முதலில் கேளுங்கள் என்பேன்.

ரேடாருக்கு மின்சாரம் நிறைய வேண்டும். ஆனாலும் நூறு கிலோவுக்குக் குறைவான முதல் ரேடார் செயற்கைக்கோளான பின்லாந்தின் ஐஸ்ஐ எக்ஸ்-1, 2018 ஜனவரியில் நமக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே கிளம்பியது.

செவ்வாயா? அங்கும் போயின. நாசாவின் மார்கோ என்ற இரு குட்டிக் கலங்கள் அதே 2018 நவம்பரில் அதைக் கடந்தன. இன்சைட் என்ற கலம் செவ்வாயில் தரையிறங்கிய செய்தியை உடனுக்குடன் பூமிக்கு அனுப்பின. ஒன்று செவ்வாயைப் படமும் எடுத்தது.