மருந்தை நிறுத்தியபின் மீண்டும் வரும் பீதித் தாக்கம்: எல்லையோரக் கிராம ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பாடம்

மனக்கலவரத்திற்காக உட்கொண்ட மருந்தை நிறுத்திய சில நாட்களிலோ, சில மாதங்கள் கழித்தோ, முன்பு வந்த பீதித் தாக்கம் மறுபடியும் தலைகாட்டுவதுண்டு. அவ்வேளையில் நோயாளி என்ன செய்கிறார், அவருக்கு அருகிலுள்ள ஊழியரோ ஆசிரியரோ என்ன சொல்கிறார் என்பவற்றைப் பொறுத்தே பின்வரும் மாதங்களின் போக்குப் பெரும்பாலும் அமைகிறது. டாக்டர் அன்று பக்கத்தில் இருக்கமாட்டார். ஆகவே, இப்பாடத்தை நாம் கற்றிருத்தல் அவசியமாகிறது.

திருவனந்தபுரம் ஜில்லாவின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த பாறசாலை, செங்கல், காரோடு, கொல்லயில், குன்னத்துகால் முதலிய ஊராட்சிகள் உள்ளன. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தின்மேல் விழுந்ததேயன்றிக் குடும்பங்களின்மேல் விழவில்லை. ஒரே வீட்டில் மூத்தவர் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி வாங்குவார். இளையவர் களியக்காவிளைக் கடையில் மருந்து வாங்கி வருவார். பேச்சிலும் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். பீதித் தாக்கத்திற்கு இவ்வூர்களில் வழங்கும் பெயர்கள் "வெப்ராளம்", "நெஞ்சு படபடப்பு", "மூச்சு முட்டல்" என்பன. "வாயு" என்று சொல்லி விட்டுவிடுவோரும் உளர். இக்கடைசிச் சொல் இருபுறமும் ஆபத்தானது: பீதியையும் மறைக்கும், உண்மையான மாரடைப்பையும் மறைக்கும்.

விளங்கிக்கொள்வதற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, வயது முப்பத்தெட்டு. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தன்னந்தனியாக மரம் மரமாகச் செல்பவர். ஒரு நாள் தோட்டத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது, கைவிரல்கள் மரத்தன, இதோ சாகப்போகிறோம் என்ற எண்ணம் தோன்றியது. ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சோதித்துக் குற்றமில்லை என்றார்கள். அல்பிராசோலம் என்னும் மாத்திரை, காலையும் இரவும் அரை மில்லிகிராம் வீதம் எழுதிக் கொடுக்கப்பட்டது. எட்டு மாதங்கள் சுகமாக இருந்தார். "இனி எதற்கு மாத்திரை?" என்று ஒரு திங்கட்கிழமை தாமாகவே நிறுத்தினார். புதன்கிழமை விடியலில், அதே தோட்டத்தில், முன்னிலும் கடுமையாக வெப்ராளம் வந்தது. நோய் முற்றிவிட்டது என்று அவர் முடிவு செய்தார். மனைவியும் அவ்வாறே எண்ணினார்.

அம்முடிவு சரியானதா? மருந்து நின்றபின் வரும் தாக்கம் ஒரே வகையானதன்று. மூன்று வகை உண்டு. முதலாவது, மருந்து விலகுவதால் உடலில் எழும் கலக்கம். அல்பிராசோலம், டையசிப்பம் முதலியன பென்சோடையசிப்பின் இனத்தைச் சேர்ந்தவை. இவ்வினத்தின் முதல் மருந்து 1960இலும், டையசிப்பம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. மூளையில் நரம்புகளின் வேகத்தைத் தணிக்கும் "காபா" என்னும் பொருளின் வேலையை இவை மிகுவிக்கின்றன. பல மாதங்கள் உட்கொண்டால் மூளை அந்த உதவிக்குப் பழகித் தன் சொந்தத் தணிப்பைக் குறைத்துக்கொள்கிறது. உதவி திடீரென நின்றதும், தணிப்பாரற்ற நரம்புகள் கொந்தளிக்கின்றன. படபடப்பு, வியர்வை, நடுக்கம், உறக்கமின்மை ஆகியவற்றோடு, ஒளியும் ஓசையும் தாங்கமுடியாமற் போதல் இதன் அடையாளம். வலிப்பும் வரலாம். இரண்டாவது வகை, பழைய நோய்க்குறியே சில காலம் முன்னிலும் மிகுந்து எழுதல். இது முதல் வகையோடு கலந்தே வருவது வழக்கம். மூன்றாவதே நோய் உண்மையில் திரும்புதல். இது பெரும்பாலும் மெல்ல, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து, பழைய உருவிலேயே வருகிறது.

அல்பிராசோலத்தின் அளவு இரத்தத்தில் சுமார் 11 மணி நேரத்தில் பாதியாகிவிடும். எனவே, திங்களன்று நிறுத்தியவருக்குப் புதனன்று வந்தது, நோய் முற்றியதன் அறிகுறி என்பதைவிட, மருந்து விலகியதன் அறிகுறி என்று கொள்வதே பொருத்தம். நாள் கணக்கு ஒன்றே இவ்வளவையும் சொல்லிவிடுகிறது. ஆதலின் ஊழியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "அண்ணே, மாத்திரை நிறுத்தி எத்தனை நாளாயிற்று? ஒரேயடியாகவா, கொஞ்சம் கொஞ்சமாகவா?" மற்றக் கேள்விகள் பின்னர் வரட்டும்.

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பராக்ஸெட்டின் முதலியன வேறோர் இனம். பீதி நோய்க்கு இன்று முதலில் எழுதப்படுவன பெரும்பாலும் இவையே. இவற்றைத் திடீரென நிறுத்தினாலும் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்ச்சி ஆகியன சில நாட்களில் தோன்றும். குணம் கண்ட பிறகும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையோ, அதற்கு மேலுமோ தொடருமாறு டாக்டர்கள் கூறுவதற்குக் காரணம் உண்டு. கலவர நோய்களில் இத்தகைய மருந்துகளை நிறுத்தியோரையும் தொடர்ந்தோரையும் ஒப்பிட்ட 28 ஆய்வுகளை 2017இல் ஒருங்கே தொகுத்துப் பார்த்தனர். நோயாளர் 5,233 பேர். ஓராண்டுக்குள் நோய் திரும்பியது, தொடர்ந்தோரில் நூற்றுக்கு 16 பேருக்கு. மருந்தை நிறுத்தி வெற்று மாத்திரை பெற்றோரில் நூற்றுக்கு 36 பேருக்கு. இக்கணக்கை மறுபுறமாகவும் படிக்கலாம்: நிறுத்தியோரில் நூற்றுக்கு 64 பேருக்கு அக்காலத்தில் நோய் திரும்பவில்லை. இரண்டு பாதிகளையும் சேர்த்தே நோயாளிக்குச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வது அச்சுறுத்தலாகும், அல்லது ஏமாற்றாகும்.

நம் தொழிலாளிக்கு இனி என்ன வழி? பென்சோடையசிப்பினை ஒரேயடியாக நிறுத்துதல் கூடாது. நிறுத்தியிருந்தால் அன்றே டாக்டரிடம் திரும்ப வேண்டும். 2025இல் அமெரிக்க மருத்துவ சங்கங்கள் கூடி வெளியிட்ட நெறிமுறை, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போதுள்ள அளவில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்துத் தொடங்குமாறும், பொதுவாக இரண்டு வாரத்தில் 25 பங்குக்கு மேல் குறைக்கலாகாது என்றும் கூறுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் உட்கொள்பவருக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது 0.1 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சிறு மாத்திரையோ 0.25 மில்லிகிராம். ஒரு சிறு மாத்திரையைக் குறைத்தாலே மேல்வரம்பை எட்டிவிடுகிறோம்! இதனாற்றான் சில டாக்டர்கள் முதலில் நீண்டநேரம் உடலில் தங்கும் டையசிப்பத்திற்கு மாற்றி, பின்னர்ச் சிறுகச் சிறுகக் குறைக்கின்றனர். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இதற்கெனவே ஒரு மருத்துவ நிலையத்தை நடத்திய பேராசிரியை ஹெதர் ஆஷ்டன் கையாண்ட முறை இதுவே. அட்டவணை வகுப்பது டாக்டரின் வேலை. அது பிறழாமல் நடைபெறுகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

மருந்தைக் குறைப்பது மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஒரு சிறிய, ஆனால் தெளிவான ஆய்வு உண்டு. 1993இல் அமெரிக்காவில், ஆறு மாதங்களுக்குக் குறையாமல் அல்பிராசோலம் அல்லது குளோனசிப்பம் உட்கொண்ட பீதி நோயாளர் 33 பேரை இரு பிரிவாக்கினர். இரு பிரிவினருக்கும் மருந்து மெதுவாகக் குறைக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் உடலுணர்ச்சிகளை அஞ்சாமல் எதிர்கொள்ளும் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற 17 பேரில் 13 பேர் மருந்தை விட்டனர். பெறாத 16 பேரில் 4 பேரே விட்டனர்.

அப்பயிற்சியின் அடிப்படையை 1986இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கில உளவியலறிஞர் எளிமையாக விளக்கினார். படபடப்பு எழுகிறது, "மாரடைப்பு" என்று மனம் பொருள் கொள்கிறது, அந்த அச்சம் மேலும் படபடப்பை உண்டாக்குகிறது, வேகமாக மூச்சு வாங்குகிறோம், அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது, "சந்தேகமேயில்லை, மாரடைப்பேதான்!" வட்டம் இப்படியே சுழல்கிறது. மருந்து இவ்வட்டத்தைத் தணித்து வைக்கிறது, ஆனால் அந்தத் தவறான பொருள் கொள்ளலைத் தானாகத் திருத்துவதில்லை. மருந்து விலகும் நாட்களில் படபடப்பு நிச்சயமாக எழும். அதற்குப் பழைய பொருளே கொடுக்கப்பட்டால் நோயும் திரும்பும். விலகற்குறியை நோயாக வளர்த்துவிடுவது பலவேளைகளில் இந்த ஓர் எண்ணமே.

எனவே, தாக்கம் வரும் நேரத்தில் செய்ய வேண்டியது ஓடுவதன்று. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். "இது வெப்ராளம், சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கும்" என்று பெயரிட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். மூச்சை ஆழ இழுக்க முயல வேண்டாம். வெளிவிடும் மூச்சை நீட்டினால் போதும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறை இப்போது விலக்கப்பட்டுவிட்டது. உண்மையான இதய அல்லது நுரையீரல் நோயாளிக்கு அது தீங்காகும். உணர்ச்சியை அடக்கப் போராடுவதும் கூடாது. ஆஸ்திரேலிய டாக்டர் கிளேர் வீக்ஸ் 1962இல் வெளியிட்ட நூலில் இதையே கூறினார்: எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து செல், காலம் கழியவிடு. நம் தொழிலாளிக்கு இதன் பொருள், உடல் சற்று அடங்கியதும் வீட்டிற்குத் திரும்பாமல், கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்திற்குப் போவது. வீட்டிற்கு ஓடினால் அத்தோட்டமே நாளை அச்சமூட்டும் இடமாகிவிடும்.

தாக்கம் இல்லாத வேளையில் வேண்டுமென்றே அவ்வுணர்ச்சிகளை உண்டாக்கிப் பழகுவதே பயிற்சியின் மையம். ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்குதல், நின்ற இடத்தில் சுற்றுதல், படியேறி இறங்குதல் ஆகியன போதும். பலமுறை செய்யச் செய்ய, "நெஞ்சு அடிப்பது நெஞ்சு அடிப்பதே, மரணமன்று" என்று உடல் கற்கிறது. இதய நோய், ஆஸ்த்மா, வலிப்பு உள்ளோரும் கர்ப்பிணிகளும் டாக்டரின் அனுமதியின்றி இதைச் செய்தல் கூடாது.

சட்டைப் பையில் ஒரே ஒரு மாத்திரையைத் தாயத்துப் போல் வைத்துக்கொண்டு நடப்போர் பலர். விழுங்குவதில்லை, ஆனால் அது இல்லாமல் பஸ் ஏறுவதுமில்லை. இதை ஏளனம் செய்யலாகாது. எனினும், குணத்தின் பெருமை முழுவதும் மாத்திரைக்கே போய்விடுகிறது என்பதை உணர்த்த வேண்டும். 2000இல் 312 நோயாளரிடம் நடத்தப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், பயிற்சியோடு இமிப்ரமின் மருந்தும் பெற்றோர், சிகிச்சை நின்று ஆறு மாதம் கழிந்தபோது, பயிற்சியோடு வெற்று மாத்திரை பெற்றோரைவிடப் பின்தங்கினர். தம் தேர்ச்சியைத் தமதென்று உணராமையே காரணமாகலாம் என்பது ஒரு விளக்கம். மருந்து தீயது என்பது இதன் பொருளன்று. நெடுங்காலம் மருந்து தேவைப்படுவோர் உளர். அதில் வெட்கத்திற்கு இடமில்லை. "நரம்புத் தளர்ச்சி" என்ற சொல்லை நம் பேச்சிலிருந்து அகற்றினாலே பாதி வெட்கம் தீரும் என்பது எமது கருத்து.

எல்லையோர ஊழியர் கவனிக்க வேண்டிய செய்திகள் சில உள. ஒரே மருந்து வெவ்வேறு கம்பெனிப் பெயர்களில் வரும்; பாறசாலையில் வாங்கிய அட்டையும் களியக்காவிளையில் வாங்கிய அட்டையும் வேறு மருந்தென்று எண்ணி இரண்டையும் விழுங்குவோர் இருக்கலாம். அட்டையின் சிறிய எழுத்திலுள்ள மூலப்பெயரைப் படித்துக் காட்டுங்கள். இதை மாணவர்க்குக் கற்பிக்கவும் ஆசிரியர்கள் முன்வரலாம். 2014 மார்ச் முதல் அல்பிராசோலமும் டையசிப்பமும் எச்1 பட்டியலில் உள்ளன. சீட்டின்றி விற்கலாகாது, விற்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருத்தல் வேண்டும். சீட்டு தீர்ந்த நாளில் மருந்தும் தீர்ந்து போவது இங்கே திடீர் நிறுத்தத்திற்கு வழிவகுக்கலாம். ஆகவே, அட்டையில் ஒரு வாரத்து மாத்திரை எஞ்சியிருக்கும்போதே டாக்டரிடம் அனுப்புக. மது அருந்துவோரைத் தனியே விசாரியுங்கள். இம்மருந்தும் மதுவும் சேர்ந்தால் மூச்சே தடைப்படலாம். கடுங்காப்பியும் கடுந்தேநீரும் படபடப்பைத் தூண்டும். விடியுமுன் வெறும் வயிற்றில் இரண்டு குவளை குடித்துத் தோட்டத்திற்குச் செல்பவரிடம் இதைச் சொல்ல மறவாதீர்.

எது பீதி அன்று? வேலை செய்யும்போது மிகுந்து ஓய்வில் குறையும் நெஞ்சுவலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், முதன்முறையாக வரும் தாக்கம், வலிப்பு, சித்தக் குழப்பம் ஆகியவற்றில் எது கண்டாலும் பாடம் நடத்த வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தற்கொலை எண்ணம் தெரிந்தால் அவரைத் தனியே விடலாகாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில், இரவும் பகலும், தமிழிலும் மலையாளத்திலும் அழைக்கலாம். ஜில்லா மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் எந்த நாளில் எந்தச் சுகாதார நிலையத்திற்கு வருகிறார்கள் என்பதை அறிந்து வாசகசாலைச் சுவரில் இரு மொழியிலும் எழுதி வைப்பது ஓர் ஆசிரியர் அரை மணியில் செய்யக்கூடிய பணி.

கடைசியாக, நோயாளிக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுங்கள். தேதி, மணி, அன்று உட்கொண்ட மருந்தின் அளவு, தாக்கம் நீடித்த நிமிடங்கள், அப்போது என்ன நினைத்தார், என்ன செய்தார் என ஆறு பத்திகள் போதும். எழுதத் தெரியாதவர்க்கு வீட்டுப் பள்ளிப்பிள்ளை எழுதலாம், எம்மொழியாயினும் சரி. மருந்தளவு குறைந்த நாளின்மேல் சிவப்புக் கோடு இடுக. தாக்கங்கள் கோட்டையொட்டிக் குவிந்து, வாரங்களில் தேய்ந்தால் அது பெரும்பாலும் விலகற்குறி. கோட்டிற்கு வெகு தூரத்தில் தோன்றி வளர்ந்தால் நோய் திரும்புகிறதென ஐயுறலாம். எல்லையின் எப்பக்கத்து டாக்டரிடம் சென்றாலும் நோயாளி அந்நோட்டைக் கையில் கொண்டு செல்லட்டும்.