பழைய சேலைத் துண்டும் பாலகர் மனமும்

காரைக்குடிச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் நான்கு வயது மகன் எனது பழைய கண்டாங்கிச் சேலையின் முந்தானைத் துண்டு இல்லாமல் உறங்குவதில்லை. மதரஸாவுக்கு அனுப்பும் வயது. அதை எரித்துவிடு என்கிறார் மாமியார். மார்க்கம் என்ன சொல்கிறது?"

சுத்தத்தை முதலில் பார்ப்போம். எச்சில் நஜீஸ் அல்ல. பிள்ளை சப்பிய துணி பட்டால் தொழுகைக்குப் பழுதில்லை. சிறுநீர் பட்டால் கழுவியே ஆகவேண்டும். பால்குடி ஆண் குழந்தைக்கு ஷாபிஈ மத்ஹபில் உள்ள சலுகை இந்த வயதுக்குக் கிடையாது. துவைத்தால் வாசம் போயிற்றென்று பிள்ளை அழும். துண்டை இரண்டாகக் கிழித்து மாற்றி மாற்றித் துவையுங்கள்.

இனி எரிப்பது பற்றி. அபூஉமைர் என்ற சிறுவர் வளர்த்த குருவி இறந்து அவர் வாடியிருந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அக்குருவியைப் பெயர் சொல்லி விசாரித்தார்கள். குருவிக்காக அழலாமா என்று கடியவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளையும் பறிக்கவில்லை. இறக்கை வைத்த குதிரையைக் கண்டு சிரிக்கத்தான் செய்தார்கள்.

நம் வீடுகளில் எரிப்பதைவிட அதிகம் நடப்பது ஒளித்துவைப்பது. "காக்கா தூக்கிப் போய்விட்டது" என்போம். இது பொய். "வா, தருகிறேன்" என்று மகனை அழைத்த தாயிடம், என்ன தரப்போகிறீர் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார். எதுவும் தராதிருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என எச்சரித்தார்கள் (அபூதாவூத்). தூங்கிய தோழர் ஒருவரின் கயிற்றைச் சிலர் எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்றார்கள். வளர்ந்தவருக்கே அப்படி!

பால்குடியைக்கூடப் பெற்றோர் இருவரும் மனமொத்து, கலந்து பேசி நிறுத்துவதையே திருக்குர்ஆன் (2:233) சொல்கிறது. துண்டை மறக்கடிப்பதற்கும் அத்தாவைக் கேளுங்கள். மாமியாரிடமும் பணிவாகச் சொல்லுங்கள். இதில் ஷிர்க் எதுவும் இல்லை. பிள்ளை அதை வணங்கவில்லை. தாயத்தை நம்பும் பெரியவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை!

வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1953-இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய துணி தாய்க்கும் வெளியுலகுக்கும் நடுவே பிள்ளைக்குப் பாலமாகிறது. காலப்போக்கில் துக்கமின்றித் தானே விலகும் என்கிறார்.

மதரஸாவுக்குத் துண்டு போகவேண்டாம். "தலையணைக்கடியில் இருக்கும், வந்ததும் எடுத்துக்கொள்" என்று சொல்லி அனுப்புங்கள். அவன் திரும்பும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.