டிக்கெட் தலைப்புகளிலிருந்தே வாராந்திர அறிக்கை

ஜிரா, ஆஷர் டெவ்ஆப்ஸ், கிட்ஹப் என வேலைகளை டிக்கெட்டுகளாகப் பதியும் கருவி எதுவானாலும், அறிக்கை எடுக்கும்போது வெளியே வருவது பெரும்பாலும் டிக்கெட் தலைப்புகளின் பட்டியல்தான். விளக்கப் பகுதியைத் திறந்து படிக்க யாருக்கும் நேரமிருக்காது. தலைப்பைச் சரியாக எழுதினால், அறிக்கைக்கென்று தனியாக உட்கார வேண்டியதில்லை.

புதுக்கோட்டையில் ஒரு சிறு குழு ஜல்லிக்கட்டுப் பதிவுச் செயலி ஒன்றைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். தமிழகத்தில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக அதே மாவட்டத்தின் தச்சங்குறிச்சியில் ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும். அதனால் டிசம்பருக்குள் வேலை முடிந்தாக வேண்டும். இந்தக் குழுவின் அறிக்கையைப் படிப்பவர்கள் விழாக் குழுவினர். நிரல் எழுதுபவர்கள் அல்லர்.

1. படிப்பவருக்குப் புரியும் சொல்லில் எழுதுங்கள். ‘ஏபிஐ 500 எரர்’ என்றால் விழாக் குழுவுக்கு ஒன்றும் விளங்காது. ‘காளைப் பதிவு: படம் ஏற்றியதும் பக்கம் நின்றுவிடுகிறது’ என்றால் விளங்கும். தொழில்நுட்ப விவரம் விளக்கப் பகுதியில் இருக்கட்டும்.

2. வகைக்கேற்ற வடிவம் கொடுங்கள். கோளாறு என்றால் கண்ணால் கண்டதை எழுதுங்கள்: ‘டோக்கன்: ஒரே காளைக்கு இரண்டு வருகிறது’. புதிய வசதி என்றால் பெயர்ச்சொல்லில் முடியுங்கள்: ‘டோக்கன்: குறுஞ்செய்தியில் அனுப்பும் வசதி’. ‘முடிந்தவை’, ‘நடப்பவை’, ‘தொடங்காதவை’ என்ற எந்தப் பிரிவின் கீழும் அந்தத் தலைப்பு பொருந்தும்.

3. மாறக்கூடியதைத் தலைப்பில் ஏற்றாதீர்கள். ‘அவசரம்!!’, ‘பாதி முடிந்தது’, செய்பவர் பெயர் ஆகிய மூன்றும் அடுத்த வாரமே பழசாகிவிடும். முன்னுரிமை, நிலை, பொறுப்பாளர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. வடிகட்டவும் எண்ணவும் அவைதான் உதவும்.

4. தலைப்பின் முன்னால் வரும் செயலிப் பகுதிகளின் பெயர்களை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒருவர் ‘காளைப் பதிவு’ என்றும் இன்னொருவர் ‘மாடு ரிஜிஸ்ட்ரேஷன்’ என்றும் எழுதினால், தேடும்போது பாதி விடுபடும். காளைப் பதிவு, வீரர் பதிவு, டோக்கன், மருத்துவச் சான்று என ஒரு சிறு பட்டியல் போதும். லேபிளிலும் அதே சொற்களையே வையுங்கள்.

5. முக்கியமான சொல்லை முன்னால் வையுங்கள். ஜிராவிலும் ஆஷரிலும் 255 எழுத்துக்குறிகள் வரை இடமுண்டு. ஆனால் டிக்கெட் பலகையிலும் கைப்பேசியிலும் நீண்ட தலைப்பின் வால் மறைந்துவிடும். தமிழில் உயிர்மெய்க் குறிகளும் தனியாக எண்ணப்படும்: ‘காளை’ கண்ணுக்கு இரண்டெழுத்து, கணினிக்கு நான்கு.

6. ‘மற்றும்’ வந்தால் இரண்டாக்குங்கள். ‘டோக்கன் மற்றும் சான்று வேலை’யில் ஒன்று முடிந்து ஒன்று நின்றால், அறிக்கையில் எதைச் சொல்வீர்கள்? ‘சில திருத்தங்கள்’ என்ற தலைப்புக்கும் இதே கதிதான். அது எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

7. காளை உரிமையாளரின் கைப்பேசி எண்ணோ ஆதார் எண்ணோ தலைப்பில் வேண்டாம். அறிவிப்பு மின்னஞ்சல்களில் தலைப்பு எங்கெல்லாமோ போகும்.

8. ஸ்பிரின்ட் எனும் வேலைச் சுற்று தொடங்கும் நாளில் தலைப்புகளை மட்டும் உரக்கப் படியுங்கள். குழுவில் யாராவது ‘இது என்னங்க?’ என்று கேட்டால் அங்கேயே மாற்றுங்கள். டிக்கெட் எண் மாறாது, இணைப்பும் அறுபடாது.

வார இறுதியில் முடிந்தவற்றை வடிகட்டி, பகுதிவாரியாக அடுக்கி அனுப்பலாம். கூடவே இரண்டு வரி நீங்களே எழுதுங்கள். பொத்தானின் நிறத்தை மாற்றியதும், இரட்டை டோக்கனைத் தடுத்ததும் பட்டியலில் ஒவ்வொரு வரிதான். எது பெரிய வேலை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.